இனிக்கப் பேசிக் காரியம் சாதிப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இருந்து அரசுத் தேர்வுகளுக்கும் வங்கித் தேர்வுகளுக்கும் ஆங்கிலம் படிக்க வரும் மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை விடைகளோடு இங்கே தொகுத்திருக்கிறேன். ஒருவரைப் புகழ்ந்தும் குழைந்தும் பேசி இணங்க வைப்பதற்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் உள்ளன. கையேடுகள் அவை அனைத்துக்கும் 'முகஸ்துதி செய்', 'நயந்து பேசு' என்று ஏறக்குறைய ஒரே பொருளைப் போட்டுவிடுவதால் எதை எங்கே எழுதுவது என்ற குழப்பம் தீர்வதில்லை. இச்சொற்கள் ஒவ்வொன்றும், பேசுகிறவர் எத்தகையவர் என்ற தீர்ப்பையும் தன்னுள் வைத்திருக்கிறது. சொல் மாறினால் ஒருவர்மேல் அவர் செய்யாத குற்றத்தைச் சுமத்திவிடுகிறோம். கீழே உள்ள விடைகள் பெரும்பாலும் அந்தத் தீர்ப்பைப் பற்றியவையே.

ஃபிளாட்டர் என்றால் புகழ்வதா, ஏமாற்றுவதா?

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சொல் அது. பழைய பிரெஞ்சில் கையால் தடவிக் கொடுப்பதைக் குறித்த சொல்லிலிருந்து ஃபிளாட்டர் வந்தது என்பர். தடவிக் கொடுப்பதில் அன்பும் இருக்கலாம், உள்நோக்கமும் இருக்கலாம். ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் உள்நோக்கத்தின் பக்கமே அதன் சாய்வு அதிகம். உள்ளதை உள்ளபடி பாராட்டினால் அது பிரெய்ஸ். எதிரே இருப்பவரிடம் நேரில் மரியாதையாகச் சொல்லும் நல்ல வார்த்தை காம்ப்ளிமென்ட். உள்ளதற்கு மேல் ஏற்றிச் சொன்னாலோ, ஆதாயத்தை மனத்தில் வைத்துச் சொன்னாலோ அது ஃபிளாட்டரி.

இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. 'ஐ ஆம் ஃபிளாட்டர்ட்' என்று ஒருவர் சொன்னால், 'நீங்கள் இப்படிச் சொன்னது எனக்குப் பெருமை' என்று பணிவாக நன்றி சொல்கிறார் என்று பொருள். யார்மேலும் குறை சொல்லவில்லை. ஒரு நிறமோ உடையோ ஒருவருக்கு எடுப்பாக இருக்கிறது என்று சொல்லவும் இதே வினைச்சொல் வரும். அங்கேயும் குற்றம் எதுவும் இல்லை.

மற்றொன்றையும் நினைவில் வையுங்கள். ஃபிளாட்டர் என்ற வினை தனித்து நிற்கும்போது, எதிரே இருப்பவர் இணங்கினாரா இல்லையா என்பதைச் சொல்வதில்லை. புகழ்ந்தார் என்பதோடு அது நின்றுவிடுகிறது. இணங்க வைத்தார் என்பதையும் சொல்ல வேண்டுமானால் அதற்குப் பின் 'இன்டு' சேர்க்க வேண்டும், அல்லது அடுத்த விடையில் வரும் சொற்களில் ஒன்றை எடுக்க வேண்டும்.

கஜோல், வீடில், கோக்ஸ் ஆகிய மூன்றுக்கும் என்ன வேறுபாடு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மூன்றுக்கும் கையேட்டில் 'இனிக்கப் பேசி இணங்கச் செய்' என்றே இருக்கும். ஒரே வீட்டில் நடப்பதாக ஒரு காட்சியை வைத்துக்கொண்டால் வேறுபாடு விளங்கும்.

திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், கல்லூரி முதலாண்டில் சேர்ந்திருக்கும் பேரன் அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். "அப்பாயி, நீ வைக்கிற மீன் கொழம்பு மாதிரி ஊர்ல யாரு வைக்கிறா? மத்தவங்க வைக்கிறதெல்லாம் கொழம்பா?" என்கிறான். மறுநாள் அதையே வேறு சொற்களில் சொல்கிறான். மூன்றாம் நாள் அப்பாயியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, சுருக்குப் பையில் இருக்கும் முதியோர் உதவித்தொகைப் பணத்தில் கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்கிறான். "ஏலே, இதுக்குத்தானா மூணு நாளா இந்தப் பேச்சு?" என்று கேட்டபடியே அப்பாயி பையை அவிழ்க்கிறாள். இதுதான் வீடில். கேட்பவர் கீழே இருந்து கேட்கிறார், விடாமல் கேட்கிறார், குழைந்து கேட்கிறார், கேட்பது தனக்காக. பணம், இரகசியம், அனுமதி என்று ஒரு பொருளைக் கறப்பதில் இந்தச் சொல்லுக்குத் தனி உரிமை உண்டு. கேட்கிறவர்மீது ஆசிரியருக்குச் சிறு அருவருப்பு இருந்தால் வீடில் என்று எழுதுவார்.

அதே வீட்டில் பேரனின் அப்பா, பங்காளிகளுக்கிடையே ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் தம்பியின் கையெழுத்தை வாங்க வேண்டும். தம்பிக்கு விருப்பமில்லை. அண்ணன் ஒரு நாள் புகழ்கிறார், ஒரு நாள் வேடிக்கையாகப் பேசுகிறார், ஒரு நாள் "பின்னாடி உனக்கு நான் பார்த்துச் செய்யமாட்டேனா?" என்று வாக்குக் கொடுக்கிறார், கடைசியில் கையெழுத்து விழுகிறது. இது கஜோல். பிரெஞ்சிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லில் புகழ்ச்சி, வாக்குறுதி, விடாமுயற்சி மூன்றும் கலந்திருக்கும். பேச்சில் சிறிது பொய்யும் கலந்திருக்கலாம் என்ற ஐயமும் இருக்கும். வீடில் செய்பவர் எப்போதும் குனிந்து நிற்கிறார். கஜோல் செய்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஓர் அமைச்சர் கூட்டணிக் கட்சியையும், ஒரு மேலாளர் ஊழியரையும் கஜோல் செய்யலாம்.

இனி கோக்ஸ். காய்ச்சலில் கிடக்கும் அப்பாயி கஞ்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரே ஒரு வாய் குடிங்க அத்தே" என்று மெல்ல மெல்லப் பேசி அரைத் தம்ளரைக் குடிக்க வைக்கிறாள். இங்கே கஜோல் என்றோ வீடில் என்றோ எழுதினால் அந்த மருமகளுக்கு நாம் அநியாயம் செய்கிறோம். கோக்ஸ் என்பதில் பொறுமையும் மென்மையும்தான் முன்னே நிற்கின்றன. ஆதாயம் எதிரே இருப்பவருக்கே கிடைக்கலாம், வஞ்சம் இருக்க வேண்டிய தேவையில்லை. உயிரில்லாத பொருளுக்கும் இது பொருந்தும்: வாய்க்காலில் தண்ணீர் வராத ஆண்டில், பழைய டீசல் பம்புசெட்டைப் பொறுமையாகச் சுற்றிச் சுற்றி ஓட வைப்பதையும் கோக்ஸ் என்று சொல்லலாம். எஞ்சினை யாரும் கஜோல் செய்ய முடியாது, ஏனென்றால் அதற்குப் புகழ்ச்சி கேட்காது.

இந்தச் சொல்லின் வரலாறு வியப்புக்குரியது. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் கோக்ஸ் என்பது எளிதில் ஏமாறுகிற அப்பாவியைக் குறித்த பெயர்ச்சொல். ஒருவரைக் கோக்ஸ் ஆக்குதல் என்றால் அவரை முட்டாளாக்குதல். பிறகு செல்லம் கொஞ்சுதல் என்று அது மாறி, அதற்கும் பிறகு இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தது. மூன்று சொற்களில் மிகக் கடுமையாகத் தொடங்கியதே இன்று மிக மென்மையாக இருக்கிறது. கேபிள் டிவிக்காரர்கள் சொல்லும் கோஆக்சியல் கேபிளுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. அது ஒரே அச்சில் அமைந்த இரு கடத்திகளைக் குறிக்கும் சொல்.

இவற்றுக்குப் பின் எந்த முன்னிடைச்சொல் வரும்?

தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். ஒருவரை ஒரு செயலுக்குள் கொண்டுவந்தால் 'இன்டு'. ஒருவரிடமிருந்து ஒரு பொருளை வெளியே எடுத்தால் 'அவுட் ஆஃப்'. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும். 'ஹீ கஜோல்ட் ஹிஸ் பிரதர் இன்டு சைனிங்' என்பதில் தம்பி கையெழுத்திடும் செயலுக்குள் கொண்டுவரப்பட்டார். 'ஹீ வீடில்ட் தி மணி அவுட் ஆஃப் ஹிஸ் கிராண்ட்மதர்' என்பதில் பணம் பாட்டியிடமிருந்து வெளியே வந்தது. இரண்டாவதில் பணம் முன்னாலும் பாட்டி பின்னாலும் வருவதைக் கவனியுங்கள். தமிழில் நாம் 'பாட்டியிடமிருந்து பணத்தை' என்று ஆளை முதலில் சொல்லிப் பழகியிருப்பதால் ஆங்கிலத்திலும் அதே வரிசையில் எழுதிவிடுகிறோம்.

'இன்டு'வுக்குப் பின் வினை வந்தால் அதில் 'இங்' ஒட்ட வேண்டும். 'இன்டு சைன்' என்று எழுதுவது பிழை. பர்ஸ்வேட் என்ற பொதுச்சொல்லும் கோக்ஸும் 'டு சைன்' என்றும் 'இன்டு சைனிங்' என்றும் இரு வகையாகவும் வரும். அந்தப் பர்ஸ்வேட் பற்றி ஒரு குறிப்பு: அதன் இலத்தீன் வேரும், இனிப்பைக் குறிக்கும் ஸ்வீட் என்ற ஆங்கிலச் சொல்லும், சமஸ்கிருதத்தில் இனிமையைக் குறிக்கும் ஸ்வாது என்ற சொல்லும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. இணங்க வைப்பதற்கும் இனிமைக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

இன்வேகில், பிளாண்டிஷ்மென்ட் என்பவை எப்போது வரும்?

இன்வேகில் என்பதில் வஞ்சகம் உறுதி. பழைய பிரெஞ்சில் கண்ணைக் குருடாக்குவதைக் குறித்த சொல்லிலிருந்து அது வந்தது. எதிரே இருப்பவர் எதில் மாட்டிக்கொள்கிறார் என்று அவருக்கே தெரியாதபடி இழுத்துவிடுவதற்கு அதை எழுதுவார்கள். தீபாவளிச் சீட்டு, இரட்டிப்புப் பணம் என்று ஆசை காட்டித் தெருவையே சேர்த்துவிடும் மோசடிகளைப் பற்றிய செய்திக்கு அது பொருத்தமான வினை. அழைப்பு இல்லாத இடத்துக்குள் சாமர்த்தியமாக நுழைந்துவிடுவதற்கும் வரும்.

பிளாண்டிஷ்மென்ட் என்பது புகழ்மொழிகளைக் குறிக்கும் பெயர்ச்சொல். பெரும்பாலும் பன்மையில், எழுத்து நடையில் மட்டும் வரும். அதன் வினை வடிவத்தை இப்போது யாரும் எழுதுவதில்லை எனலாம்.

பட்டர் அப் என்ற வழக்கு நம் கோயில்களில் வெண்ணெய் வீசும் பழக்கத்திலிருந்து வந்தது என்று படித்தேன். மன்னார்குடி வெண்ணெய்த்தாழியைத்தான் சொல்கிறார்களா?

இந்தக் கேள்வியை மன்னார்குடி மாணவர்கள் பெருமையோடு கேட்பார்கள். இந்தியர்கள் கடவுள் சிலைகள்மீது வெண்ணெய் உருண்டைகளை வீசி அருள் வேண்டினார்கள், அதைக் கண்டே ஆங்கிலேயர்கள் 'பட்டர் அப்' என்ற வழக்கை உண்டாக்கினார்கள் என்று ஒரு கதை பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. பழக்கம் இருப்பது உண்மை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் காளியின்மீது பக்தர்கள் வெண்ணெய் சாத்துவதும் வீசுவதும் நெடுநாள் வழக்கமாக இருந்தது. மன்னார்குடி இராஜகோபால சுவாமி கோயில் பங்குனிப் பெருவிழாவில், வெண்ணெய்த்தாழி நாளன்று பெருமாள் வெண்ணெய்க் குடத்தை அணைத்த கண்ணனாகப் பல்லக்கில் வீதிக்கு வருகிறார். வழியெங்கும் மக்கள் தெருவோரத்தில் வாங்கிய வெண்ணெயைக் கையில் எடுத்து அவர்மீது வீசுகிறார்கள். வெயில் ஏற ஏறப் பல்லக்கைச் சுமப்பவர்களின் தோளிலும் தலையிலும் வெண்ணெய் உருகி வழிகிறது, தெருவெல்லாம் அந்த மணம் நிற்கிறது.

ஆனால் ஆங்கில வழக்குக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே ஆங்கிலத்தில் 'பட்டர்' என்ற வினை மிகையாகப் புகழ்வதைக் குறித்துவிட்டது. 'அப்' பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ரொட்டியின்மீது வெண்ணெயைத் தாராளமாகத் தடவும் வழக்கம் உள்ள நாட்டில் இந்த உருவகம் பிறக்க வெளியூர்ப் பழக்கம் எதுவும் தேவையில்லை.

இந்தக் கதையை நான் ஏற்க மறுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. மன்னார்குடியில் வெண்ணெய் வீசுகிறவர்கள் சாமியைப் புகழ்ந்து ஏமாற்றிக் காரியம் சாதிக்க வரவில்லை. வெண்ணெய் திருடிய பிள்ளைக்கு வெண்ணெய் கொடுத்து விளையாடுகிறார்கள். அது கொஞ்சல், ஆய்ச்சியர் மனநிலை. அதைப் பட்டர் அப் என்று சொன்னால், நாம் அன்பு என்று செய்வதை இன்னொரு மொழியின் சொல் வஞ்சம் என்று எழுதிவிடுகிறது.

பயன்பாட்டைப் பொறுத்தவரை, பட்டர் அப் என்பது காரியத்துக்கு முந்தைய ஆயத்தம். கஜோல் செய்து முடித்தால் கையெழுத்து கிடைத்துவிட்டது என்று பொருள். பட்டர் அப் செய்தால் இனிமேல்தான் கேட்கப்போகிறார் என்று பொருள். பேச்சு நடைக்குரியது, கட்டுரையில் தவிர்க்கலாம்.

கரி ஃபேவர் என்பதில் வருவது நம் கறிதானா?

இல்லை. உணவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தமிழின் கறியிலிருந்து சென்றது என்பது சரிதான். ஆனால் கரி ஃபேவர் என்பதில் உள்ள கரி வேறு. அது குதிரையின் உடலைப் பல்வைத்த சீப்பால் தேய்த்துச் சுத்தம் செய்வதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. ஃபேவர் என்பதும் முதலில் ஃபேவர் இல்லை. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் எழுந்த ஓர் அங்கதப் பாடலில் ஃபோவெல் என்ற குதிரை அரண்மனையில் அதிகாரம் பெறுகிறது. பிரபுக்களும் மதகுருமார்களும் வரிசையில் வந்து அதன் உடலைத் தேய்த்துவிடுகிறார்கள். அதன் பெயரிலுள்ள எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு தீய குணத்தின் முதலெழுத்து என்று அந்தப் பாடலே சொல்கிறது. முதல் எழுத்து முகஸ்துதிக்கு உரியது, அடுத்தது பேராசைக்கு. ஆங்கிலத்தில் 'ஃபோவெலைத் தேய்' என்று வழங்கியது, குதிரையின் கதை மறந்துபோன பிறகு, காதில் விழுந்த ஒலிக்கு ஏற்ப 'கரி ஃபேவர்' ஆகிவிட்டது.

கதை தெரிந்தால் பொருள் மறக்காது. அதிகாரத்தில் இருப்பவரின் நல்லெண்ணத்தைப் பெறுவதற்காகத் தொடர்ந்து செய்யும் பணிவிடையே கரி ஃபேவர். இன்று ஒரு குறிப்பிட்ட உதவி வேண்டும் என்பதில்லை. என்றாவது வேண்டியிருக்கும் என்ற கணக்கு. இதற்குப் பின் 'வித்' வரும். ஏறத்தாழ இதே பொருளில் எழுத்து நடைக்கு இன்கிரேஷியேட் உண்டு. அது 'ஹிம்செல்ஃப்', 'தெம்செல்வ்ஸ்' போன்ற தற்சுட்டுப் பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டு, பிறகு 'வித்' சேர்த்து வரும். தற்சுட்டுப் பெயரை விட்டுவிட்டு எழுதினால் பிழை.

ஐஸ் வைத்தல், சோப்பு போடுதல், காக்கா பிடித்தல், ஜால்ரா அடித்தல், ஒத்து ஊதுதல்: இவற்றை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

நேராக மொழிபெயர்த்தால் எதுவும் விளங்காது. ஒவ்வொன்றுக்கும் உரிய இணையைத் தேட வேண்டும்.

ஐஸ் வைத்தலுக்குப் பட்டர் அப் ஏறக்குறைய முழுமையான இணை. இரண்டும் கேட்பதற்கு முன் செய்யப்படுபவை. சோப்பு போடுதலுக்கு ஆங்கிலத்திலேயே சோப்பு உண்டு: சாஃப்ட் சோப். 1830களில் அமெரிக்காவில் இந்தப் பொருள் வழக்கில் இருந்தது. அதை வினையாகவே எழுத வேண்டும். 'புட் சோப்' என்று எழுதினால் குளிக்கப் போகிறார் என்று நினைப்பார்கள். காக்கா பிடித்தல் என்பது 'கால்கை பிடித்தல்' என்பதன் மருவு என்று பலரும் சொல்வார்கள். அதிகாரியின் தயவுக்காக நாள்தோறும் செய்யப்படுவது என்பதால் அதற்குக் கரி ஃபேவர் பொருந்தும்.

மற்ற இரண்டும் இசையிலிருந்து வந்தவை, அதிலும் ஒத்து ஊதுதல் நம் வட்டாரத்துக்கே நெருக்கமானது. நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து என்பது நாகஸ்வரத்தைப் போலவே நீண்ட குழல். விரல் வைத்து வாசிப்பதற்கு அல்ல, ஆதார சுருதியை மட்டும் இடைவிடாமல் ஒலிப்பதற்கு. வித்துவான் எந்த ராகத்துக்குப் போனாலும் ஒத்துக்காரர் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு அதே ஒரு சுரத்தைப் பிடித்திருப்பார். இப்போது பெரும்பாலான மேளங்களில் அந்த இடத்தைச் சுருதிப் பெட்டி எடுத்துக்கொண்டது. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே உள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்யும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஒத்து ஊதுகிறவரை ஆங்கிலத்தில் எஸ்-மேன் எனலாம்: தலைவர் எதைச் சொன்னாலும் அதையே தானும் சொல்கிறவர். அதில் புகழ்ச்சி கட்டாயமில்லை, உடன்பாடு கட்டாயம். ஜால்ரா அடிப்பவரோ சத்தமாகப் புகழ்கிறார். அவருக்குச் சிகஃபன்ட் பொருந்தும். பஜனை மடங்களில் ஜால்ராவையும், திருமண ஊர்வலங்களில் ஒத்தையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஜால்ரா தாளத்துக்குத் தாளம் பளிச்சென்று ஒலிக்கும். ஒத்து அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டில் இரண்டும் மதிப்புக்குரியவை என்பதையும், வசைச்சொற்களாகிப் போனதில் அந்தக் கலைஞர்களின் பங்கு ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சிகஃபன்ட், டோடி: இவை ஒன்றா?

இரண்டும் ஆளைக் குறிக்கும், இரண்டும் கடுமையானவை. சிகஃபன்ட் என்ற கிரேக்கச் சொல்லை எழுத்துக்கு எழுத்துப் பிரித்தால் 'அத்திப்பழத்தைக் காட்டுபவர்' என்று வரும். அத்திப்பழக் கடத்தலைக் காட்டிக்கொடுத்தவர்களுக்கு அந்தப் பெயர் வந்தது என்ற பழைய விளக்கத்தை இன்றைய அறிஞர்கள் நம்புவதில்லை. ஏதென்ஸ் நகரில் ஆதாயத்துக்காகப் பிறர்மேல் வழக்குத் தொடுத்துத் திரிந்தவர்களை அது குறித்தது என்பது மட்டும் உறுதி. கோள் சொல்பவர், அதிகாரத்தில் இருப்பவரிடம் ஒட்டிக்கொள்பவர் என்று பொருள் நகர்ந்து, ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டிலேயே துதிபாடி என்று நிலைத்தது. இன்றைய கிரேக்கத்தில் அது அவதூறு பேசுபவரையே குறிக்கிறது.

டோடி என்பது தேரை தின்பவர் என்ற பழைய சொல்லின் சுருக்கம். சந்தையில் மருந்து விற்ற போலி வைத்தியர்கள், நஞ்சு என்று அக்காலத்தில் நம்பப்பட்ட தேரையை உதவியாளரைத் தின்ன வைத்து, அல்லது தின்பதுபோல் நடிக்க வைத்து, பிறகு தம் மருந்தால் அவரைப் பிழைக்க வைத்ததாகக் காட்டுவார்கள். முதலாளிக்காக எதையும் விழுங்குகிற அந்த உதவியாளரே பிறகு டோடி ஆனார். ஆகவே டோடியில் இழிவு அதிகம், சிகஃபன்டில் தன்னலக் கணக்கு அதிகம். செய்தித்தாள் கட்டுரைகளில் சிகஃபன்டையே காண்பீர்கள். உயிருடன் இருக்கும் ஒருவரைப் பெயர் சொல்லி அப்படி எழுதுவதற்கு முன், அவர் புகழ்ந்ததற்கும் பெற்ற ஆதாயத்துக்கும் உள்ள தொடர்பை உங்களால் காட்ட முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காட்ட முடியாவிட்டால் 'அட்மைரர்', அதாவது அபிமானி என்ற சொல் போதும்.

கௌடௌ?

சீனத்தில் நெற்றி தரையில் படுமாறு வணங்குவதைக் குறித்த சொல். 1793இல் சீனப் பேரரசரிடம் சென்ற பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னி அந்த முறையில் வணங்க மறுத்தது பெரிய சிக்கலாயிற்று. இன்றைய ஆங்கிலத்தில் அடிபணிதலைக் குறிக்கிறது. புகழ்ச்சிப் பேச்சு அதில் இருக்க வேண்டியதில்லை. பின்னால் 'டு' வரும்.

நன்றாகப் பேசுகிறவரைப் பற்றிச் சொல்லும் சில்வர் டங்க்ட் என்பதும் இந்தக் கூட்டத்தில் சேருமா?

சேராது. அதைச் சேர்த்துவிடக் கூடாது என்பதில் நம் பகுதியினருக்குத் தனி அக்கறை வேண்டும். 1869இல் வலங்கைமானில் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, ஆசிரியராகத் தொடங்கி, இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவராக உயர்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரைப் பேரரசின் 'சில்வர் டங்க்ட்' பேச்சாளர் என்று ஆங்கிலேயர்களே அழைத்தார்கள். 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா நாடுகளுக்குச் சென்று, அங்குள்ள இந்தியர்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று அந்நாட்டுத் தலைவர்களிடம் வாதாடினார். 1927 முதல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முகவராகவும் இருந்தார். அவருடைய மிதவாதத்தைக் குறை சொன்னவர்கள் பலர் இருந்தார்கள். அவருடைய ஆங்கிலத்தின் தெளிவையும் ஒலிப்பின் துல்லியத்தையும் குறை சொன்னவர்கள் அரிது. அந்தப் பட்டம் பேச்சாற்றலுக்குக் கிடைத்தது.

வழவழப்பாகப் பேசி ஏமாற்றுபவருக்கு ஸ்மூத் டங்க்ட் என்ற வேறு சொல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பிளார்னி. அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் உள்ள பிளார்னி கோட்டையின் மேல்தளத்துக் கல் ஒன்றை, மல்லாந்து தலையைக் கீழே தொங்கவிட்டு முத்தமிட்டால் பேச்சு வன்மை வரும் என்பது நம்பிக்கை. இன்றும் சுற்றுலாப் பயணிகள் செய்கிறார்கள். பிளார்னி என்றால் கேட்க இனிக்கும், நம்பத் தகாத, ஆனால் பெரிதாகத் தீங்கு செய்யாத புகழ்மொழி. அதில் எரிச்சலைவிடச் சிரிப்பே அதிகம்.

ஒலிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

கஜோலில் அழுத்தம் இரண்டாம் அசையில். கோக்ஸ் ஒரே அசை, 'கோ-ஆக்ஸ்' அல்ல. இன்வேகிலை இன்வீகில் என்றும் ஒலிக்கலாம், இரண்டும் சரி. சிகஃபன்டில் அழுத்தம் முதல் அசையில். அப்ஸீக்வியஸ் என்ற பெயரடையில் இரண்டாம் அசை நீளும். அதன் பொருள் அடுத்த விடையில் வருகிறது.

மாவட்ட ஆட்சியருக்கு ஆங்கிலத்தில் மனு எழுதும்போது புகழ்ந்து தொடங்குவது நல்லதா?

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு வரும் பல மனுக்கள் 'ஐ பெக் டு ஸ்டேட்', 'யுவர் குட்செல்ஃப்', 'யுவர் பெனவலன்ட் ஹானர்' என்று தொடங்குவதைப் பார்க்கிறோம். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலிருந்து மனு எழுதுபவர்கள் கைமாற்றிக் கொடுத்த வாய்பாடு அது. அந்த நடைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரடைதான் அப்ஸீக்வியஸ்: தேவைக்கு மேல் குனிந்து நிற்பது. உரிமையாகக் கிடைக்க வேண்டியதைக் கேட்கும் ஒரு விவசாயிக்கு அந்தக் குனிவு தேவையில்லை, மனுவைப் படிக்கும் அலுவலருக்கும் அதனால் பயனில்லை. 'சார்' அல்லது 'மேடம்' என்ற ஒரு விளியும், முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி'யும் மரியாதைக்குப் போதும்.

சம்பா வெள்ளத்தில் மூழ்கிப் பயிர்க் காப்பீட்டுத் தொகை வரவில்லை என்றால், புகழ்மொழிக்கு ஒதுக்கிய முதல் பத்தியில் வருவாய்க் கிராமத்தின் பெயர், சர்வே எண், பரப்பு, பிரீமியம் கட்டிய நாள், இரசீது எண் ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டாம் பத்தியில் எந்த நாட்களில் வயலில் தண்ணீர் நின்றது, யாரிடம் எப்போது தெரிவித்தீர்கள் என்பதை எழுதுங்கள். மூன்றாவதில் 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு' என்று தொடங்கி, வேண்டுவதை ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். அடங்கல் நகலையும் இரசீது நகலையும் இணைத்து, மனு பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.